ஏழாவது செல் கெட்டுப்போகவில்லை

புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து, மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். நீண்ட கடிதம். பாதிக்குப் பாதி அட்டவணை. அளவுகளைத் தேதி, நேரத்தோடு குறித்து அனுப்பியிருக்கிறார். எல்லாரும் இப்படி எழுதினால் என் வேலை பாதியாகக் குறைந்துவிடும்.

விஷயம் இதுதான். மாடியில் சூரிய மின்தகடுகளும் 5 கிலோவாட் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் இருக்கின்றன. பழைய ஈய-அமில பேட்டரிகள் ஓய்ந்த பிறகு, 280 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள் 16 வாங்கி, தாமே தொடரிணைப்பில் கோத்து, மாடிப்படிக்குக் கீழே உள்ள அலமாரியில் வைத்தார். செல்கள் வந்த அன்று ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரில் அளந்திருக்கிறார். எல்லாம் 3.29, 3.30 வோல்ட். "ஒரே அளவாக இருந்ததால் அப்படியே இணைத்துவிட்டேன்" என்கிறார். இரண்டு மாதம் தொந்தரவில்லை. பிறகு நல்ல வெயிலில், பகல் பதினொன்றரைக்கெல்லாம் பி.எம்.எஸ். (செல்களைக் கண்காணித்துக் காக்கும் பேட்டரி மேலாண்மைப் பலகை) சார்ஜை வெட்டத் தொடங்கியது. அந்த நேரத்தில் ஏழாவது செல் 3.65 வோல்ட், மற்றவை 3.36 அளவில். இன்வெர்ட்டரில் 56.8 வோல்ட் என்று வைத்திருக்கிறார். பேட்டரி 54-ஐத் தாண்டியதே இல்லை.

ஏழாவது செல்லை வழிக்குக் கொண்டுவர மின்னழுத்தம் கூடிய செல்லிலிருந்து எடுத்துக் குறைந்த செல்லுக்குக் கொடுக்கும் 5 ஆம்பியர் ஆக்டிவ் பேலன்சர் ஒன்றை வாங்கி, மூன்று வாரம் இரவும் பகலும் ஓடவிட்டார். இப்போது ஏழோடு பன்னிரண்டும் சேர்ந்துகொண்டது. ஊர் இன்வெர்ட்டர் மெக்கானிக், 60 வோல்ட்டில் இரண்டு நாள் ஈக்வலைஸ் சார்ஜ் போட்டால் எல்லாம் சமமாகிவிடும் என்கிறார். மருமகன், பி.எம்.எஸ். வரம்பை 3.80-க்கு ஏற்றிவிட்டால் வெட்டாது என்கிறார். மனைவி, அந்தப் பெட்டியைப் படிக்கட்டுக்குக் கீழே இருந்து எடுங்கள் என்கிறார். ஆசிரியர் கேட்பவை இரண்டு: கெட்ட செல்லை விற்றவர்மீது வழக்குப் போடலாமா? கையில் இருக்கும் பழைய லேப்டாப் செல்களையும் சேர்த்து பேட்டரியைப் பெரிதாக்கலாமா?

ஐயா, மூவரில் உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் மற்ற இருவர் சொன்னதைச் செய்யாதீர்கள். இதைப் படிக்கும்போது பேலன்சர் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்திவிடுங்கள்.

மெக்கானிக் அறியாமையால் சொல்லவில்லை. அவர் கையில் பல வருடங்களாகப் புழங்கிய பேட்டரிக்கு அது சரியான வைத்தியம். ஈய-அமில பேட்டரியில் ஒரு செல் முதலில் நிரம்பிவிட்டால், அதற்குப் பிறகு வரும் மின்னோட்டம் அதன் நீரைப் பிரித்து வாயுவாக்குவதில் செலவாகிறது. முந்திய செல் கொதித்துக்கொண்டு காத்திருக்க, பிந்திய செல்கள் நிரம்பிக்கொள்கின்றன. பிறகு வடிநீர் ஊற்றினால் தீர்ந்தது. லித்தியம் செல்லில் இப்படி வழிந்தோட இடமே கிடையாது. நிரம்பிய பிறகும் மின்னோட்டத்தைத் திணித்தால் எதிர்மின்வாயில் லித்தியம் உலோகமாகப் படியும், மின்பகுபொருள் சிதையும், செல் உப்பும், கடைசியில் வாயு வெளியேறும். 60-ஐ 16-ஆல் வகுத்தால் 3.75 என்று வருகிறதே, கொஞ்சம்தானே கூடுதல் என்று தோன்றலாம். ஆனால் 60 வோல்ட் பதினாறுக்கும் சமமாகப் பங்காகாது. மற்ற பதினைந்தும் 3.4-ஐத் தொடுவதற்குள் ஏழாவது 4 வோல்ட்டைக் கடந்திருக்கும். அதைத் தடுத்து நிற்பது பி.எம்.எஸ். மட்டுமே. மருமகன் அந்தத் தடையைத்தான் தளர்த்தச் சொல்கிறார். இரண்டு ஆலோசனைகளும் ஒரே நாளில் நிறைவேறியிருந்தால் உங்கள் கடிதம் வேறு மாதிரி வந்திருக்கும்.

வரம்பை ஏற்றுவதில் லாபமும் கிடையாது. இந்த வகை செல்லில் 3.45 வோல்ட்டுக்கு மேல் அடங்கும் மின்னூட்டம் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான்.

3.29 உங்களுக்குச் சொல்லாமல் விட்டது

நீங்கள் செய்த பிழை ஒன்றே ஒன்று. அது இயற்பியல் படித்தவர்களுக்குத்தான் எளிதாக வரும். மின்னழுத்தம் சமம் என்றால் மின்னூட்டமும் சமம் என்று எடுத்துக்கொண்டீர்கள். மின்தேக்கியில் அது உண்மை. இரும்பு பாஸ்பேட் செல்லில் அது உண்மையில்லை.

1997-இல் டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃபும் அவருடன் பணிபுரிந்தவர்களும் இந்தச் சேர்மத்தை மின்வாய்ப் பொருளாக அறிவித்தார்கள். (2019 வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட குட்இனஃப் அவர்தான்.) இந்தப் பொருளுக்குள் லித்தியம் நுழையும்போது, லித்தியம் உள்ள கட்டமும் (phase) இல்லாத கட்டமும் அருகருகே இருந்து, ஒன்று வளர மற்றொன்று தேய்கிறது. இரண்டு கட்டங்களும் சேர்ந்து இருக்கும்வரை மின்னழுத்தம் ஏறக்குறைய அசையாது. ஆகவே நூற்றுக்கு 20 முதல் 80 பங்குவரை நிரம்பிய செல், சும்மா இருக்கும்போது, 3.2-க்கும் 3.35-க்கும் இடையில் எங்கோ நிற்கும். நடுப்பகுதியில் பத்துப் பதினைந்து பங்கு வித்தியாசம் சில மில்லிவோல்ட்டுக்குள் ஒளிந்துவிடும். உங்கள் மல்டிமீட்டரின் கடைசி இலக்கம் அதைக் காட்டப் போதாது.

நம் வீட்டுக் குடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வயிற்றுப் பகுதியில் ஒரு செம்பு தண்ணீர் கூட்டினாலும் குறைத்தாலும் மட்டம் அசைவது தெரியாது. கழுத்துக்கு வந்துவிட்டால் ஒரு டம்ளருக்கே மட்டம் எகிறும். இரண்டு குடங்களில் எதில் தண்ணீர் அதிகம் என்று மட்டத்தை வைத்துச் சொல்ல வேண்டுமானால், இரண்டும் கழுத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். செல்களுக்குக் கழுத்து 3.40 வோல்ட்டுக்கு மேல் தொடங்குகிறது.

செல்கள் உங்கள் வீட்டுக்கு வந்தபோது ஏழாவது மற்றவற்றைவிடச் சற்று நிரம்பியதாக வந்திருக்கிறது. பேச்சுக்கு 14 ஆம்பியர்-மணி என்று வையுங்கள். 280-இல் அது நூற்றுக்கு ஐந்து. அதே முன்னிலையோடு தொடரில் சேர்ந்தது. தொடரிணைப்பில் எல்லாவற்றுக்கும் ஒரே மின்னோட்டம். முன்னிலை தானாகக் குறைய வழியில்லை. கோடை ஏறும்வரை உங்கள் தகடுகள் பேட்டரியை மேல்வரை நிரப்பவே இல்லை, அதனால் தெரியவில்லை. நிரப்பத் தொடங்கியதும் தெரிந்தது. 15 × 3.36 = 50.4, அதோடு 3.65-ஐக் கூட்டினால் 54.05. நீங்கள் குறித்த 54 இதுதான்.

அப்படியானால் ஏழாவது செல் கெட்டதா? உங்கள் அட்டவணையிலேயே பதில் இருக்கிறது. மின்தடை நீண்ட ஒரு இரவில் பேட்டரி அடிவரை இறங்கி, பி.எம்.எஸ். வெளியேற்றத்தை வெட்டியதைக் குறித்திருக்கிறீர்கள். அப்போது 2.60-க்கு விழுந்தது மூன்றாவது செல். ஏழாவது 3.12-இல் இருந்தது. கொள்ளளவு குறைந்த செல் மேலேயும் முதலில் முட்டும், கீழேயும் முதலில் தரை தட்டும். மேலே முந்துவதும் கீழே பிந்துவதும் ஒரே செல்லாக இருந்தால், அது நல்ல செல். மற்றவற்றைவிடக் கொஞ்சம் நிரம்பியிருக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் அதை மாற்ற நினைக்கிறீர்கள். மாற்றியிருந்தால், புதிய செல் எந்த நிலையில் வருமோ யாருக்குத் தெரியும்.

பன்னிரண்டாவது செல்லில் நடந்தது

இதில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன். பேலன்சர் போட்ட பிறகு புதிதாக ஒரு செல் ஏன் சண்டைக்கு வர வேண்டும்?

உங்கள் குறிப்பு: 60 ஆம்பியர் இழுக்கும்போது பன்னிரண்டு 3.21, மற்றவை 3.25. 40 ஆம்பியரில் சார்ஜ் ஏறும்போது பன்னிரண்டு மற்றவற்றைவிட 27 மில்லிவோல்ட் அதிகம். எல்லாவற்றையும் அணைத்துவிட்டால் வித்தியாசம் இல்லை. ஓம் விதியை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 40 மில்லிவோல்ட்டை 60 ஆம்பியரால் வகுங்கள். 27-ஐ 40-ஆல் வகுங்கள். இரண்டும் 0.67 மில்லிஓமில் வந்து நிற்கின்றன. மின்னோட்டத்தோடு வந்து மின்னோட்டத்தோடு போகும் வித்தியாசம் மின்னூட்டத்தைப் பற்றியதல்ல, மின்தடையைப் பற்றியது. இந்த அளவு செல்லின் அக மின்தடை கால் மில்லிஓம்கூட இருக்காது. அதைவிட இரண்டு மூன்று மடங்கு கூடுதலாக ஒன்று அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. பெரும்பாலும் அது செல்லுக்குள் இல்லை. செல்களை ஒன்றோடொன்று இணைக்கும் உலோகப் பட்டையான பஸ்பாரின் இணைப்பில் இருக்கிறது.

பேலன்சருக்கு இது தெரியாது. அது பார்ப்பது மின்னழுத்தத்தை மட்டும். இரவு முழுக்க ஏ.சி. ஓடும்போது பன்னிரண்டு தாழ்வாகத் தெரிகிறது. "பாவம், பசித்திருக்கிறது" என்று மற்ற செல்களிலிருந்து எடுத்து அதற்கு ஊட்டுகிறது. பகலில் சார்ஜ் ஏறும்போது உயர்வாகத் தெரிகிறது, அப்போது எடுக்கிறது. ஆனால் உங்கள் வீட்டில் இழுப்பது எட்டு மணி நேரத்துக்கு மேல், ஏறுவது ஐந்து மணி நேரம். கொடுத்தது அதிகம், எடுத்தது குறைவு. மூன்று வாரத்தில் நன்றாக இருந்த ஒரு செல்லை முந்தவைத்துவிட்டது.

சரிசெய்வது எளிது, ஆனால் வரிசை முக்கியம். இன்வெர்ட்டரையும் தகடுகளையும் துண்டியுங்கள். அடுத்து பி.எம்.எஸ்., பேலன்சர் இரண்டின் மெல்லிய அளவீட்டுக் கம்பிகள் வரும் செருகியைப் பிடுங்குங்கள். அதற்குப் பிறகுதான் பஸ்பார் நட்டைத் தொட வேண்டும். செருகி இருக்கும்போது நடுவில் ஒரு பஸ்பார் கழன்றால், முழு பேட்டரியின் மின்னழுத்தம் அந்த மெல்லிய கம்பிகள் வழியாகப் பி.எம்.எஸ்.க்குள் பாயக்கூடும், அதோடு பலகை தீர்ந்தது.

பன்னிரண்டின் இரு முனைகளையும் கழற்றிப் பாருங்கள். நான் பந்தயம் கட்டுவது ஒன்றில்தான்: செல்லின் அலுமினிய முனைக்கும் பஸ்பாருக்கும் நடுவே பி.எம்.எஸ். கம்பியின் வளையமோ எஃகு வாஷரோ சிக்கியிருக்கும். வீட்டில் கோத்தவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். பஸ்பார் முனையின்மேல் நேராகப் படிய வேண்டும். வளையம் அதற்கு மேல், வாஷர் அதற்கும் மேல், நட்டு கடைசியில். அலுமினியத்தின்மேல் ஆக்சைடு படலம் இருக்கும். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரின் ஒரு துண்டால் இரு பரப்புகளையும் லேசாகத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, உடனே மூடுங்கள். முறுக்குவதற்கு டார்க் ஸ்பேனர் இரவல் கிடைத்தால் நல்லது. எம்-6 திருகுக்கு 4 முதல் 6 நியூட்டன்-மீட்டர் என்பது பொதுவான அளவு. உங்கள் செல்லின் தாளில் வேறு எண் இருந்தால் அதுவே சரி. கைப்பலம் காட்டினால் அலுமினியத்தின் மரை உரிந்துவிடும்.

மீண்டும் 60 ஆம்பியர் இழுத்து, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பஸ்பாரிலும் மறு முனையைச் செல்லின் அலுமினிய முகத்திலும் வைத்து அளந்து பாருங்கள். நட்டின் தலையில் வைத்தால் பயனில்லை. பதினாறு செல்களின் எல்லா இணைப்புகளையும் இப்படியே ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். சில மில்லிவோல்ட்டுக்குள் எல்லாம் ஒன்றுபோல் இருக்க வேண்டும். 0.67 மில்லிஓம் என்பது அற்பமாகத் தெரியலாம். முழுச் சுமையில் 100 ஆம்பியர் போகும்போது அந்த ஓர் இணைப்பில் கிட்டத்தட்ட 7 வாட் வெப்பம் உண்டாகும். சூடு இணைப்பை மேலும் தளர்த்தும், தளர்ந்த இணைப்பு மேலும் சூடாகும்.

சமன் செய்ய மூன்று வழிகள்

இணைப்புகள் சரியான பிறகுதான் சமன் செய்யும் பேச்சு.

நூல்களிலும் வீடியோக்களிலும் முதலில் சொல்லப்படும் வழி, எல்லா செல்களையும் கழற்றிப் பக்க இணைப்பில் சேர்த்து, 3.65 வோல்ட்டில் ஒரு மின்வழங்கியால் நிரப்புவது. புதிதாகக் கட்டுபவர்கள் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டியது இதுதான். நீங்கள் தவறவிட்டதும் இதைத்தான். ஆனால் இப்போது உங்களுக்கு இதைச் சொல்ல மாட்டேன். செல் ஒன்று ஐந்தரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பதினாறும் சேர்ந்து 86 கிலோ. பாதி நிரம்பிய 16 செல்களைப் பக்க இணைப்பில் நிரப்ப 2,240 ஆம்பியர்-மணி வேண்டும். 10 ஆம்பியர் மின்வழங்கிக்கு அது ஒன்பது நாளுக்கு மேல் பிடிக்கும் வேலை. அத்தனை நாள் பொறுமை இல்லாமல், கம்பியில் ஏற்படும் இழப்பை ஈடுகட்ட மின்வழங்கியை 4, 5 வோல்ட்டுக்குத் திருப்பிவிட்டு, இரவில் தூங்கப்போய், காலையில் பதினாறு செல்களும் உப்பியதைப் பார்த்தவர்கள் உண்டு. செய்தே ஆக வேண்டும் என்றால், முதலில் தொடரிணைப்பிலேயே பி.எம்.எஸ். வெட்டும்வரை நிரப்பிவிட்டு, செல்களை ஓய்வில் விட்டு, மின்னழுத்தங்கள் 50 மில்லிவோல்ட்டுக்குள் நெருங்கிய பிறகு பக்க இணைப்புக்கு மாற்றுங்கள். மின்வழங்கியை எதிலும் இணைக்காத நிலையில் 3.65-க்கு வைத்துவிட்டு, பிறகு அந்தக் குமிழைத் தொடாதீர்கள். ஆள் இல்லாதபோது ஓடவிடாதீர்கள்.

இரண்டாவது வழி, பி.எம்.எஸ்.ஸிலேயே இருக்கும் சமன்படுத்தியை நம்புவது. உங்களுடையது 50 மில்லிஆம்பியரை மின்தடை வழியாக வெப்பமாக்கும் வகை. 14 ஆம்பியர்-மணியை இறக்க 280 மணி நேரம். பேட்டரி கழுத்துப் பகுதியில் நிற்பதோ ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. சமன் ஆனதைச் சமனாகவே வைத்திருக்க அது போதும். ஆனால் இந்த அளவு வித்தியாசத்தைத் தீர்க்க அது ஒரு வருடம் எடுக்கும்.

உங்களுக்கு நான் சொல்வது மூன்றாவது வழி. முந்திய செல்லிலிருந்து மட்டும் அளந்து எடுப்பது. 1 ஓம், 50 வாட் மின்தடை ஒன்றை வாங்கி, ஏழாவது செல்லின் இரு முனைகளுக்கும் இடையே இணையுங்கள். சுமார் 3.3 ஆம்பியர் ஓடும். 11 வாட் அளவு சூடாகும். மின்தடையை ஒரு ஓட்டுத் துண்டின்மேல் வையுங்கள், செல்லின்மேல் சாய்ந்திருக்கக் கூடாது. இரண்டு மணி நேரத்தில் ஏழு ஆம்பியர்-மணிக்குச் சற்றுக் குறைவாக இறங்கியிருக்கும். கழற்றிவிட்டு, அடுத்த வெயில் நாளில் சார்ஜ் ஏற்றி, பி.எம்.எஸ். வெட்டும்போது மொத்த மின்னழுத்தம் எவ்வளவு என்று பாருங்கள். 54-இலிருந்து மேலேறியிருந்தால் பாதை சரி. இன்னும் இரண்டு மணி நேரம். பன்னிரண்டுக்கும் இப்படியே. ஒரேயடியாக எடுத்துவிடாதீர்கள்; அதிகம் எடுத்தால் அந்தச் செல் பின்தங்கி, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

பெரும்பகுதி இறங்கிய பிறகு மிச்சத்தை அந்த ஆக்டிவ் பேலன்சரிடம் விடலாம். அது கெட்ட சாதனம் இல்லை, தவறான நேரத்தில் வேலை வாங்கப்பட்டது. தொடக்க மின்னழுத்தத்தை அமைக்கும் வசதி அதில் இருந்தால் 3.45 என்று வையுங்கள். இல்லையென்றால் ஒரு சுவிட்ச் போட்டு, பேட்டரி நிரம்பும் அந்தக் கடைசி நேரத்தில் மட்டும் நீங்களே போட்டு அணையுங்கள். அதன் கம்பிகளும் பி.எம்.எஸ். கம்பிகளும் ஒரே மெல்லிய கம்பியைப் பகிர்ந்துகொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேலன்சர் 5 ஆம்பியர் இழுக்கும்போது அந்தக் கம்பியில் விழும் மின்னழுத்தத்தையும் சேர்த்து பி.எம்.எஸ். படித்துவிடும்.

இன்வெர்ட்டரில் மாற்ற வேண்டியவை: பேட்டரி வகையைப் பயனர் அமைப்புக்குக் கொண்டுவந்து, ஈக்வலைஸ் வசதியை நிரந்தரமாக அணையுங்கள். சார்ஜ் மின்னழுத்தம் 56.8 வேண்டாம், 55.2 போதும். செல்லுக்கு 3.45 என்ற கணக்கு. சமன் ஆனதும் 56-க்கு ஏற்றிக்கொள்ளலாம். ஃப்ளோட், அதாவது நிரம்பிய பிறகு பிடித்துவைக்கும் மின்னழுத்தம், 53.6. பி.எம்.எஸ்.ஸின் 3.65 வரம்பு அப்படியே இருக்கட்டும். சமன் செய்யும் நாட்களில் சார்ஜ் மின்னோட்டத்தை 10 ஆம்பியருக்குக் குறைத்துவிடுங்கள்.

படிக்கட்டுக்குக் கீழே

இரும்பு பாஸ்பேட் செல் எரியாது என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். மற்ற லித்தியம் வகைகளைவிட அது வெப்பத்தைத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் மிகையாகச் சார்ஜ் ஆனால், நசுங்கினால் அதுவும் வாயுவை வெளியேற்றும். அந்த வாயுவில் ஹைட்ரஜன் உண்டு. மூடிய அலமாரியில் தேங்கினால் ஒரு பொறி போதும். உங்கள் வீட்டில் மாடியில் பேரப்பிள்ளைகள் தூங்குகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மாடியிலிருந்து இறங்க அந்த ஒரு படிக்கட்டுதான். 14 கிலோவாட்-மணி ஆற்றலை வீட்டின் ஒரே வெளிவழியின் கீழ் வைக்கக் கூடாது. அம்மா சொன்னபடி எடுத்துவிடுங்கள். வெளிச்சுவர் ஓரம், மழையும் மேற்கு வெயிலும் படாத, காற்றோட்டமான இடம். தகரக் கூரைக்குக் கீழ் வேண்டாம். 45 டிகிரிக்கு மேல் நாள்தோறும் வெந்தால் செல்களின் ஆயுள் குறையும்.

இடம் மாற்றும்போது இன்னும் இரண்டு. நீல உறை சுற்றிய அந்தச் செல்லின் அலுமினியக் கூடு, உறைக்குள் மின்சாரத் தொடர்பற்றது என்று எண்ணாதீர்கள். பல தயாரிப்புகளில் அது நேர்மின்முனையோடு தொடர்புள்ளது. உறை மெல்லியது, உரசினால் கிழியும். செல்களுக்கு நடுவே எப்பாக்சித் தகடு வையுங்கள்.

மற்றது ஃப்யூஸ். பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையே 125 ஆம்பியர் எம்.சி.பி. (தானே துண்டிக்கும் சுவிட்ச்) போட்டிருக்கிறீர்கள், படத்தில் தெரிகிறது, அது மாறுதிசை மின்னோட்டத்துக்கானது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் நொடிக்கு நூறு முறை சுழியைத் தொடுவதால் அதன் பொறி தானே அணைகிறது. நேர்திசை மின்னோட்டத்தில் அந்தச் சுழியே வராது. குறுக்குச்சுற்று ஏற்பட்டால் உங்கள் பேட்டரி பல ஆயிரம் ஆம்பியர் தரும், எம்.சி.பி. திறந்தாலும் உள்ளே பொறி நின்று எரியலாம். கிளாஸ்-டி (Class T) என்று கேட்டால் கிடைக்கும் நேர்திசை ஃப்யூஸை, பேட்டரியின் நேர்முனைக்குப் பக்கத்திலேயே போடுங்கள். அது 20,000 ஆம்பியர்வரை துண்டிக்கவல்லது. ஸ்பேனரின் பிடி முழுவதும் மின்காப்பு நாடா சுற்றுங்கள். மோதிரம், கைக்கடிகாரம் இரண்டையும் கழற்றி வைத்துவிட்டு வேலையில் இறங்குங்கள்.

வழக்குப் பற்றி

ஏழாவது செல்லைக் காட்டி வழக்குப் போட்டால் நீங்கள் தோற்பீர்கள். அது நல்ல செல் என்று உங்கள் அட்டவணையே சொல்லும். சமன் செய்யாமல் இணைத்தது வாங்கியவர் என்று விற்றவர் சொன்னால் அதற்கும் பதில் இல்லை.

ஆனால் கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: "புத்தம் புதிய, முதல் தரம்" என்று விற்ற செல்களில் நான்கின் மேற்பகுதியில் உள்ள கியூ.ஆர். குறி சுரண்டப்பட்டு மறுபடி பொறித்ததுபோல் இருக்கிறது என்று. கவனிக்க வேண்டியது அதுதான். சமன் ஆனதும் முழுமையாக நிரப்பி, ஏதாவது ஒரு செல் 2.5 வோல்ட்டைத் தொடும்வரை இறக்கி, வெளியே வந்த ஆம்பியர்-மணியைக் கணக்கிடுங்கள். 270, 280 வந்தால் குறி எப்படி இருந்தாலும் மறந்துவிடலாம். 230 வந்தால், முதலில் விழுந்த செல்லைத் தனியாகச் சோதித்து அளவைப் பதிவுசெய்யுங்கள். பழைய பொருளைப் புதியது என்று விற்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ரசீது, விளம்பரப் பக்கத்தின் படம், குறிகளின் படம், சோதனை அளவுகள் ஆகியவற்றோடு முதலில் விற்றவருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை ஐந்து லட்சம்வரை என்றால் கட்டணம் இல்லை. வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். உங்களுக்கு நேரம் இருக்கிறது. ஆகவே சோதனையை முதலில் முடியுங்கள்.

பழைய லேப்டாப் செல்கள் வேண்டாம், ஐயா. அவை 4.2 வோல்ட்வரை ஏறும் வேறு வேதியியல். இந்த செல்களோடு பக்கத்திலும் சேராது, தொடரிலும் சேராது. எத்தனை வருடம் எந்தச் சூட்டில் கிடந்தன என்பதும் தெரியாது. 2022 பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி தயாரிப்பாளர்களே பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். முனைகளில் நாடா ஒட்டி, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, அங்கீகரிக்கப்பட்ட மின்கழிவுச் சேகரிப்பு மையத்தில் கொடுத்துவிடுங்கள்.